படுகு மொழியில் ஓர் இணையதளம்: முதலில் எழுத்தைச் சரிசெய்யுங்கள்

‘ஊட்டி படகு’ என்று தேடினால் ஏரி வரும், படகு இல்லம் வரும், டிக்கெட் விலை வரும். நீலகிரி மலையில் படுகர்கள் பேசும் படுகு மொழி வராது. ‘படுகு’ என்று போட்டால் கொஞ்சம் கிடைக்கும், ‘படுகா’ என்றால் வேறு கொஞ்சம், ‘படகா’ என்றால் இன்னும் வேறு. பேச ஆள் இல்லாமல் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் படுகைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 1.33 லட்சம் பேர். கன்னடத்தின் கீழ் சேர்த்து எண்ணப்பட்டவர்கள். பாட்டு, கல்யாண வீடியோ, ஹெத்தையம்மன் பண்டிகைப் படம் என்று இணையத்தில் படுகு நிறையவே இருக்கிறது. இல்லாதது எழுத்து. தேடினால் அகப்படுகிற, பத்து வருடம் கழித்தும் திறக்கிற எழுத்து.

இதே சிக்கலை ஒரு நாடே அனுபவித்திருக்கிறது. லாவோஸில் சுமார் 75 லட்சம் மக்கள், சொந்த அரசு, சொந்த எழுத்து. ஆனாலும் லாவோ மொழி விக்கிப்பீடியாவில் கட்டுரைகள் இன்னும் சில ஆயிரம்தான். தமிழில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஆற்றுக்கு அக்கரையில் தாய்லாந்து இருக்கிறது. அந்த நாட்டு மொழியை லாவோக்காரர்கள் டிவியில் கேட்டே வளர்ந்தவர்கள், படித்தாலும் புரிந்துகொள்வார்கள். அப்புறம் லாவோவில் தேட என்ன அவசியம்? படுகருக்குத் தமிழ் இருக்கிற இடத்தில் அவர்களுக்கு அந்த மொழி இருக்கிறது. அதனால்தான் இந்தக் குறிப்பில் லாவோ அடிக்கடி வரும்.

ஊர்ச் சங்கமோ, கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேரோ சேர்ந்து செய்யக்கூடிய அளவில்தான் எல்லாம் சொல்லப்பட்டிருக்கிறது. நீலகிரியிலேயே இருக்கும் கோத்தர், தோடர், இருளர், குறும்பர், பணியர் மொழிகளில் ஒலிகள் வேறு. தட்டச்சு, தளம், தேடல் பற்றிச் சொல்வது அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

எந்த எழுத்தில் எழுதுவது

படுகு கன்னட எழுத்திலும் அச்சாகியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் தினமும் ஓடுகிறது. தனி எழுத்து உருவாக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. தளத்துக்குத் தமிழ் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரி மாவட்டத்தில் பள்ளிக்கூடம் போன அனேகமாக எல்லோருக்கும் தெரியும், எந்தப் போனிலும் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. வேறு காரணம் தேவையில்லை.

தனி எழுத்தின்மேல் ஆசை உள்ளவர்கள் லாவோவின் கதையைக் கேட்க வேண்டும். உலக எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் தனித்தனி எண் கொடுக்கும் தரம் யூனிகோடு. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே லாவோ எழுத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸில் லாவோ எழுத்துருவும் விசைப்பலகையும் விஸ்டாவோடுதான், 2007 வாக்கில், சேர்ந்து வந்தன. இடைப்பட்ட காலத்தில் ஆங்கில எழுத்தின் இடத்தில் லாவோ உருவத்தை வரைந்த எழுத்துருக்களை வைத்தே வேலை நடந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. ஒரு எழுத்துருவில் அடித்தது இன்னொன்றில் வேறு எழுத்தாகும். தேடுபொறிக்கு ஒன்றும் புரியாது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பைத் திறந்து விழித்தவர்களுக்கு இது புதிதல்ல. யூனிகோடில் இல்லாத புது எழுத்தை இன்று தளத்தில் போட்டால் அதே குழியில்தான் விழ வேண்டும். சின்னத்திலும் பெயர்ப்பலகையிலும் அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தமிழ் எழுத்து இருக்கட்டும்.

அவசரப்பட்டு யூனிகோடில் ஏற்றினாலும் தொல்லைதான். லாவோ எழுத்துகள் சிலவற்றுக்கு யூனிகோடு வைத்த பெயர்கள் ஒன்றுக்கொன்று மாறிப்போய் உட்கார்ந்துவிட்டன. ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது அங்கே விதி என்பதால் தப்பு இன்றும் அப்படியே இருக்கிறது. லாவோவில் பாலி மொழி எழுதத் தேவையான எழுத்துகள் 2019இல்தான் சேர்ந்தன.

எழுத்துக்கூட்டல் ஏடு

எந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று பட்டியல் போட்டு வைப்பது: எல்லாரும் தாண்டிப் போய்விடுகிற வேலை இதுதான். தளத்துக்குப் பெயர் வாங்கும் முன்பு இதை முடியுங்கள்.

பண்டிகையின் பெயரையே எடுத்துக்கொள்வோம். எத்தையம்மன், ஹெத்தையம்மன், ஹெத்தெ, ஹெத்தே என்று நாலு விதம் எழுதுகிறார்கள். காரணம் இரண்டு. சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ஹ’வைத் தமிழ்ப் பழக்கம் விழுங்கிவிடுகிறது. சொல்லின் முடிவில் வரும் குறில் ‘எ’ தமிழில் கிடையாது. அதனால் கை தானாக ‘ஐ’ அல்லது ‘ஏ’ போடுகிறது. வீட்டைக் குறிக்கும் ‘மனெ’ இப்படித்தான் மனை, மனே, மன என்று அலைகிறது.

கூகுள் ஷீட்டில் ஐந்து நெடுவரிசை போடுங்கள்: நிலையான வடிவம், தமிழில் பொருள், மற்றவர்கள் எழுதும் வடிவங்கள், எந்தச் சீமையில் (படுகர் வாழும் வட்டாரத்தில்) வழங்குகிறது, ஒலிக்கோப்பின் பெயர். முதலில் 200 சொல் போதும். உறவுமுறை, வீட்டுச் சாமான், எண்கள், மாடு கன்று, தோட்ட வேலை, பண்டிகை. உட்காருபவர்கள் மூன்றிலிருந்து ஐந்து பேர். அதில் ஒருவராவது எழுபது தாண்டியவர், ஒருவராவது இருபதுக்குப் பக்கத்தில். தொதநாடு, பொரங்காடு, மேற்குநாடு, குந்தைநாடு நான்கிலிருந்தும் ஆள் கிடைத்தால் உத்தமம். ஒரு உட்காரலில் நாற்பது சொல்லுக்கு மேல் போக வேண்டாம். அதற்கு மேல் போனால் சொல்லை விட்டுவிட்டு எந்த ஊர்ப் பேச்சு சுத்தம் என்பதில் போய் நிற்கும்.

விதிகள் மிகக் குறைவாக இருக்கட்டும். சொல்லின் தொடக்கத்தில் ஹ கேட்டால் ஹ எழுதுவது: ஹட்டி (ஊர்), ஹப்ப (பண்டிகை), ஹாலு (பால்). முடிவில் குறில் எ கேட்டால் கொம்பு மட்டும்: மனெ, அவ்வெ. ஒரு சொல்லுக்கு ஒரு வடிவம்; மற்ற வடிவங்கள் மூன்றாம் நெடுவரிசையில். அவற்றைத் தப்பு என்று குறிக்காதீர்கள். பின்னால் தேடலுக்கு அவைதான் உதவப் போகின்றன.

க, ட, த, ப ஆகியவற்றின் வல்லொலி மெல்லொலி என்ன ஆவது? சொல்லின் நடுவில் தமிழ்ப் பழக்கமே சமாளித்துவிடும்: இரட்டித்தால் வன்மை, தனியாக வந்தால் மென்மை. தொடக்கத்தில்தான் சிக்கல். சுலோகப் புத்தகங்களில் வருவதுபோல எழுத்தின் தோளில் சிறு எண் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். போனில் அதைத் தட்டுவது பாடு, தேடினால் சொல் அகப்படாது, பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் செயலி நடுவில் ‘இரண்டு’ என்று சொல்லும். எழுத்தின் கீழ்ப்புள்ளி இன்னொரு வழி. யூனிகோடின் கிரந்தப் பகுதியில் அப்படிப்பட்ட குறிகள் உண்டு, ஆனால் பல போன்களில் வெறும் கட்டமாகத் தெரியும். குறியே போடாமல் விட்டு, அகராதிச் சொல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு விநாடி ஒலிக்கோப்பு வைப்பதுதான் இப்போதைக்கு நல்ல வழி.

ஆனால் எளிமைப்படுத்துகிறேன் என்று ஓர் எழுத்தை அடியோடு தூக்கி எறியாதீர்கள். 1975க்குப் பின் லாவோஸில் உச்சரிப்பதை அப்படியே எழுதுவது என்று முடிவாகி, பேச்சில் இல்லாத ‘ர’ எழுத்து கைவிடப்பட்டது. வெளிநாட்டுப் பெயர் எழுதும்போது ‘ர’ இல்லாமல் முடியவில்லை; திரும்பவும் புழக்கத்துக்கு வந்தது. உங்கள் ஏட்டிலும் ஜ, ஸ, ஷ இன்று வேண்டாம் என்று தோன்றலாம். ஆள் பெயர், ஊர்ப் பெயர் வரும்போது வேண்டியிருக்கும்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

லாவோவில் ஓர் உயிர்க்குறி உண்டு. பார்வைக்கு ‘ஏ’ ஒலிக்கான குறியைப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வைத்ததுபோல இருக்கும். ஆனால் யூனிகோடில் அது தனி எழுத்து. பலர் அந்த ‘ஏ’ விசையையே இரண்டு தடவை தட்டிவிடுகிறார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது.

நம் எழுத்தில் இது இன்னும் அதிகம். ‘ஊர்’ என்பதையும் ‘ஊா்’ என்பதையும் பாருங்கள். இரண்டாவதில் இருப்பது ர் அல்ல, துணைக்காலின்மேல் வைத்த புள்ளி. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இது வண்டி வண்டியாக இருக்கும். எந்தக் கட்டுரையையும் தளத்தில் ஏற்றும் முன் எடிட்டரில் ‘கண்டுபிடி, மாற்று’ திறந்து இந்த வரிசையில் ஓட்டுங்கள்:

1. ‘ா்’ எங்கே இருந்தாலும் ‘ர்’ ஆக மாற்றுங்கள். துணைக்காலை அடுத்துப் புள்ளி வரவே வராது. கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றலாம்.
2. ‘ாி’யை ‘ரி’ ஆகவும் ‘ாீ’யை ‘ரீ’ ஆகவும் அதேபோல மாற்றுங்கள்.
3. ‘ஒள’ வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ‘ஒளவை’ என்றிருந்தால் தப்பு, ‘ஔவை’ வேண்டும். ‘ஒளி’ என்றிருந்தால் சரி.
4. ‘ெள’வும் அப்படியே. ‘மெளனம்’ தப்பு, ‘வெளி’ சரி.

மூன்றாவதையும் நான்காவதையும் மொத்தமாக மாற்றுகிறவர்கள்தான் காரியத்தைக் கெடுப்பது. படுகில் நல்லதைச் சொல்லும் ‘ஒள்ளித்து’ போன்ற சொற்கள் அடிக்கடி வரும். மொத்தமாக மாற்றினால் எல்லாம் ‘ஔ்ளித்து’ என்று சிதைந்து நிற்கும்.

கோயில் பெயர்களில் ‘ஸ்ரீ’யைக் கவனியுங்கள். அதற்கு யூனிகோடில் இரண்டு விதமான எழுத்துக்கோவை புழக்கத்தில் இருக்கிறது; திரையில் இரண்டும் ஒன்றே. ஏட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு அதையே எடுத்து ஒட்டுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்தும் வேர்டிலிருந்தும் ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல இடைவெளிகளும் கூடவே வரும். லாவோவில் சொற்களுக்கு நடுவே இடம் விடும் வழக்கம் கிடையாது. வரி எங்கே மடங்கலாம் என்று உலாவிக்குக் காட்ட அந்தக் கண்ணுக்குத் தெரியாத இடைவெளியை அவர்கள் வேண்டுமென்றே வைப்பதுண்டு. நமக்கு அது வெறும் குப்பை. சொல்லின் நடுவில் உட்கார்ந்து தேடலைக் கெடுக்கும். நோட்பேடில் ஒட்டினால் எழுத்தின் அலங்காரம்தான் போகும், இது போகாது. நிரலெழுதும் எடிட்டர் எதிலாவது மறைந்த குறிகளைக் காட்டச் சொல்லி நீக்குங்கள்.

தட்டச்சு

போனில் தமிழ் விசைப்பலகையே போதும். ஆனால் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் ‘மனெ’ என்று தட்டியது நீங்கள் பார்க்காத நேரத்தில் ‘மனை’ ஆகியிருக்கும். ஏட்டில் உள்ள 200 சொல்லையும் விசைப்பலகையின் சொந்த அகராதியில் சேர்த்தால் பரிந்துரையில் அவையே வரும். ஒரே நாள் வேலை, தட்டும் வேகம் நன்றாகக் கூடும். குரல்வழித் தட்டச்சு வேண்டவே வேண்டாம். அது தமிழை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. படுகு பேசினால் தனக்குத் தெரிந்த தமிழ்ச் சொல்லாக ஆக்கித் தரும்.

கணினியில் தமிழ்99 விசைப்பலகை வைத்துக்கொள்ளுங்கள். கிரந்த எழுத்துகள் ஷிஃப்டோடு மேல் வரிசையில் இருக்கும்: க்யூ தட்டினால் ஸ, டபிள்யூ ஷ, ஈ ஜ, ஆர் ஹ. படுகுக்கு அதிகம் வேண்டியது அந்த ஷிஃப்ட் ஆர்தான். இரண்டே நாளில் விரலுக்குப் பழகிவிடும்.

பெட்டியில் கிடக்கும் பழைய அச்சு

சங்க மலர், பஜனைப் பாட்டுத் தொகுப்பு, கல்யாண அழைப்பிதழ். குன்னூர், கோத்தகிரி அச்சகங்களில் டிடிபி செய்த கோப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம். முதலில் எந்த எழுத்துரு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாமினியா, வானவில்லா, டேமா என்று தெரியாமல் யூனிகோடு மாற்றியில் போட்டால் குப்பைதான் வரும். மாற்றிய பின் மேலே சொன்ன நான்கு திருத்தமும்.

தாள் மட்டும்தான் இருக்கிறது என்றால் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸாகத் திறந்தால் எழுத்தாக மாறி வரும். நல்ல அச்சென்றால் பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் எழுத்துணரிக்கும் தமிழ்தான் தெரியும். முடிவிலுள்ள ‘எ’ ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடு பாருங்கள். மூல ஸ்கேனைத் தூக்கிப் போடாதீர்கள். ஊட்டிக் குளிரில் ஈரம் ஏறிய தாளில் பூஞ்சை பிடித்திருக்கும். வெயிலில் நேராகக் காய வைக்காமல், நிழலில் காற்றாட விட்டுவிட்டுப் பிறகு ஸ்கேன் செய்யுங்கள்.

தளம் போடுவது

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. நிரல் தெரிந்த பிள்ளை இருந்தால் வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாகப் போட்டு கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடத்தில் வைக்கலாம். இல்லாவிட்டால் பிளாகர், அதோடு சொந்த டொமைன், அதாவது தளத்தின் பெயர். பணம் டொமைனுக்கு மட்டும்தான்.

பெயர் ஆங்கில எழுத்தில், டாட் இன் முடிவோடு இருக்கட்டும். டாட் இந்தியா என்று தமிழிலேயே முடியும் பெயரும் உண்டு; இரண்டாவதாக வாங்கி முதலாவதுக்குத் திருப்பிவிடலாம். லாவோஸின் நாட்டு முடிவான டாட் எல்ஏ, லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கான முடிவு என்று உலகமெல்லாம் விற்கப்பட்டது. ஆகவே ஒரு தளம் அந்த முடிவோடு இருந்தால் உள்ளே லாவோ மொழி இருக்கும் என்று அர்த்தமில்லை. பெயரில் எதுவும் இல்லை, உள்ளே இருப்பதில்தான் எல்லாம்.

கட்டுரைகளின் முகவரியும் ஆங்கில எழுத்தில்தான். காரணம் கணக்கு. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் முகவரியை நகலெடுக்கும்போது ஒன்பது எழுத்துக் கோவையாக விரியும். ‘ஹட்டி’யில் ஹ, ட, புள்ளி, ட, இகரக் குறி என்று ஐந்து இருக்கிறது. ஒரு சொல்லுக்கு 45 எழுத்து சதவீதக் குறியும் எண்ணுமாக வாட்ஸ்அப்பில் நீளும். பார்ப்பவர்கள் வைரஸ் என்று நினைத்துத் தொடமாட்டார்கள்.

எடை அடுத்தது. குந்தா பக்கத்துப் பள்ளத்திலும் பந்தலூர்ப் பக்க எஸ்டேட்டுகளிலும் சிக்னல் எப்படி என்று தெரிந்ததுதானே. ஆடி மாத மழையில் கரண்டும் இருக்காது. பக்கம் ஒன்று படத்தோடு சேர்த்து 150 கேபிக்குள் நிற்கட்டும். ஆயிரம் சொல் கட்டுரை வெறும் எழுத்தாகச் சுமார் 25 கேபிதான் ஆகும். பண்டிகை வாழ்த்து போஸ்டர் ஒன்று சாதாரணமாக 200 கேபி, அதாவது எட்டாயிரம் சொல் இடம். அதில் தேடக்கூடிய எழுத்து ஒன்றுகூட இல்லை.

எழுத்துரு எதையும் தனியாக ஏற்ற வேண்டாம். ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழ், விண்டோஸில் நிர்மலா, ஐபோனில் அதன் சொந்தத் தமிழ் எழுத்துரு என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. அளவு 17 அல்லது 18 பிக்சல். வரி உயரம் 1.6க்குக் குறைந்தால் உகரக் குறியின் வால் அடுத்த வரியின் புள்ளியோடு முட்டும். எழுத்திடை இடைவெளியைக் கூட்டும் டிசைன் வார்ப்புருவாக இருந்தால் அதைப் பூஜ்யமாக்குங்கள். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும்.

பக்கத்தின் தலையில் மொழிக் குறியீடு வைப்பதை மறக்கிறார்கள். படுகுக்கு உலகத் தரக் குறியீடு பி, எஃப், க்யூ என்ற மூன்று எழுத்து. தோடாவுக்கு டி, சி, எக்ஸ். கோத்தாவுக்கு கே, எஃப், ஈ. இருளாவுக்கு ஐ, ஆர், யூ. படுகுப் பத்திக்கு அதன் குறியீடும் தமிழ்ப் பத்திக்குத் தமிழின் குறியீடும் தனித்தனியாகப் போடுங்கள். வார்ப்புரு முழுக்கத் தமிழ் என்று குறித்துவிட்டால், உலாவி அதைப் பிழையான தமிழென்று எடுத்துக்கொண்டு மொழிபெயர்க்கட்டுமா என்று கேட்கும்.

தேடினால் கிடைக்க

தேடுபொறி படுகை ஒரு மொழியாக நடத்தும் என்று நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம். அதற்குத் தெரிந்த மொழியில் கைகாட்டி வைக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு படுகில், அடுத்து மூன்று வரித் தமிழ்ச் சுருக்கம். அந்தச் சுருக்கத்துக்குள் ஏட்டின் மூன்றாம் நெடுவரிசையிலிருந்து மாற்று வடிவங்கள் இயல்பாக வரட்டும்: ‘ஹெத்தையம்மன், எத்தையம்மன் என்று தமிழில் எழுதப்படும் ஹெத்தெ ஹப்ப’ என்று ஒரு வரி இருந்தாலே நாலு விதத்தில் தேடுகிறவர்களும் வந்து சேர்வார்கள். வடிவங்களைக் கீழே வெள்ளை எழுத்தில் ஒளித்து வைக்கும் தந்திரம் வேண்டாம். கூகுள் அதைக் கண்டுபிடித்தால் தளத்தையே கீழே தள்ளும்.

கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்துவிட்டு, மாதம் ஒருமுறை எந்தச் சொல்லைத் தட்டி வந்தார்கள் என்று பாருங்கள். அங்கே காணும் புது வடிவங்களை ஏட்டில் ஏற்றுங்கள். ஆங்கில எழுத்தில் தேடுகிறவர்களே அதிகம் இருப்பார்கள் என்பதைப் பார்த்தால் மனம் தளர வேண்டாம். சுருக்கத்தில் அந்த வடிவத்தையும் ஒரு இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபேஸ்புக்கை விட முடியாது. லாவோஸிலும் இணைய வாழ்க்கையில் பெரும்பகுதி ஃபேஸ்புக்கில்தான் நடக்கிறது. கடையே அங்கேதான், சண்டையும் அங்கேதான். ஆனால் அங்கே எழுதியது மூன்று நாளில் அடியில் போய்விடும், வெளியிலிருந்து தேடினால் அகப்படாது. வரிசையை மாற்றினால் போதும்: முதலில் தளத்தில் ஏற்றிவிட்டு, முதல் இரண்டு பத்தியையும் இணைப்பையும் குழுவில் போடுங்கள்.

குரல்

மொழியியலாளர் எமனோ 1930களில் நீலகிரியில் வேலை செய்தபோது, நாக்கை மடித்து ஒலிக்கும் உயிரொலிகள் படுகில் இருப்பதைப் பதிவு செய்தார். அவை இன்று பெரும்பாலானவர்கள் பேச்சில் இல்லை. எழுத்தில் பிடிக்கவும் முடியாது. வயதானவர்களின் குரலை எடுத்து வைக்க இது ஒன்றே போதுமான காரணம்.

போனே போதும். வாயிலிருந்து ஒரு சாண் தூரம், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில். சுருக்காத வேவ் கோப்பாகப் பதியும் செயலி வையுங்கள். வாட்ஸ்அப் குரல் செய்தியாக வாங்கினால் ஒலியின் நுணுக்கம் போய்விடும். தகரக் கூரை வீட்டில் மழை நாளில் எடுக்காதீர்கள். தேயிலை ஃபேக்டரி ஓடும் சத்தம் உங்களுக்குப் பழகியிருக்கும், மைக்குக்குப் பழகாது. ரஜாயும் கம்பளியும் அடுக்கிய அறைதான் இருப்பதிலேயே நல்ல ஸ்டுடியோ. ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை, நடுவில் ஒரு மூச்சு இடைவெளி. எடுத்த உடனே கோப்புக்கு ஏட்டிலுள்ள பெயரை வையுங்கள். ‘ரெக்கார்டிங் 47’ என்று கிடப்பதை அடுத்த மாதம் யாராலும் பிரிக்க முடியாது.

பேசியவர் சம்மதத்தையும் அதே பதிவின் தொடக்கத்தில் அவர் குரலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்: எதற்கு, எங்கே வரும், பெயர் போடலாமா. சாவுச் சடங்கில் ஓதுவது, கோயிலுக்குள் பாடுவது எதையும் ஊர்ப் பெரியவர்களைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம். பக்கத்துத் தோடர் மந்திலோ கோத்தர் கோக்காலிலோ எடுத்த பாட்டுக்கு அந்த ஊர்க்காரர்கள்தான் சொந்தக்காரர்கள்.

எதை எழுதுவது

லாவோக்காரர் போன் ரிப்பேர் செய்யவோ புதுச் சமையல் பழகவோ தாய்லாந்துப் பக்கத்துக்குப் போய்விடுவார். அங்கே இருப்பதை லாவோவில் திருப்பி எழுதினால் படிக்க ஆள் குறைவு. தன் நாட்டு நிலச் சட்டம், பள்ளிப் பாடம், உள்ளூர்ச் செய்தி வேண்டுமென்றால் லாவோவுக்குத்தான் வர வேண்டும். அதே கணக்கு இங்கேயும். சர்க்கரை நோய்க்கு என்ன சாப்பிடலாம் என்பதைத் தமிழே எழுதித் தள்ளியிருக்கிறது.

ஆகவே வேறெங்கும் இல்லாததிலிருந்து தொடங்குங்கள். நானூறுக்கு மேற்பட்ட ஹட்டிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்: பெயர் படுகில், தமிழ்ப் பலகையில், ஆங்கில வரைபடத்தில் எப்படி இருக்கிறது, எந்தச் சீமை, பக்கத்துப் பஸ் நிறுத்தம் எது. உறவுமுறைச் சொற்கள், பழைய அளவைகள், உறைபனி விழும் மாதங்களில் தேயிலைக்குச் செய்வது, காட்டுக் கீரைகளின் பெயர்.

ஆனால் பழமை மட்டுமே எழுதினால் மொழி கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும். வாரம் ஒருமுறை பச்சைத் தேயிலை விலையையும் குன்னூர் ஏலத்தின் போக்கையும் படுகில் நாலு வரி எழுதுங்கள். அறுபது வயது விவசாயி அந்த நாலு வரிக்காகவே பக்கத்தைத் திறப்பார். எண்களை மட்டும் இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும். விலை ஒருமுறை தப்பாகப் போனால் மற்றதையும் நம்பமாட்டார்கள்.

கட்டுரைகள் நூறைத் தாண்டி, எழுதுபவர்கள் மூன்று நாலு பேர் மாதா மாதம் நிலைத்துவிட்டால் புது மொழி விக்கிகளைச் சோதித்து வளர்க்கும் விக்கிமீடியாவின் அடைகாப்பகத்தில் படுகு விக்கிப்பீடியாவுக்குச் சோதனைப் பக்கங்கள் தொடங்கலாம். முக்கியமான இடைமுகச் சொற்களையும் மொழிபெயர்க்க வேண்டும்: சேமி, தொகு, தேடு, வரலாறு போன்றவை. துளு அந்த வழியாகத்தான் 2016இல் தனி விக்கிப்பீடியாவாக வெளியே வந்தது. பத்து நாள் ஆர்வத்தில் ஆயிரம் ஒற்றை வரிக் கட்டுரை போடுவது அங்கே செல்லாது. ஆள் தொடர்ந்து இருக்கிறார்களா என்றுதான் பார்ப்பார்கள்.

தளம் சாகாமல் இருக்க

சிறுமொழித் தளங்கள் பெரும்பாலும் ஹேக்கராலோ வைரஸாலோ சாவதில்லை. டொமைனை வாங்கிய பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருப்பான், புதுப்பிக்கச் சொல்லும் மெயில் அவன் பார்க்காத பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒரு நாள் தளத்துக்குப் பதில் சூதாட்ட விளம்பரம் வரும். டொமைனைச் சங்கத்தின் பெயரில், சங்கத்துக்கென்று திறந்த மெயிலில் பதியுங்கள். கடவுச்சொல்லை இரண்டு பேர் வைத்திருக்கட்டும், மீட்பு எண்ணாக மூன்றாமவரின் போன் இருக்கட்டும். முடிந்தால் ஒரே தடவையில் ஐந்து வருடத்துக்குக் கட்டிவிடுங்கள். புதுப்பிக்கும் தேதியைச் சங்கத்தின் வரவு செலவு நோட்டின் முதல் பக்கத்தில் பேனாவில் எழுதி வையுங்கள். அந்த நோட்டை எப்படியும் வருடம் ஒருமுறை யாராவது திறப்பார்கள்.

மாதக் கடைசியில் முழுத் தளத்தையும் ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள், ஏட்டையும் ஒலிக்கோப்புகளையும் சேர்த்து. இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் முக்கியமான பக்கங்களின் முகவரியைக் கொடுத்துச் சேமிக்கச் சொல்லுங்கள். இலவசம், பக்கத்துக்கு ஒரு நிமிடம். பென்டிரைவ் இரண்டாக இருக்கட்டும். ஒன்று மலையில், இன்னொன்று கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில், ஈரம் ஏறாத அலமாரியில்.